அவன் கண்ணுக்கு மயில்கழுத்து

மாப்ளே,

நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வீட்டுக்குள் நுழைகிறேன், கூடத்தில் மருமகள் உட்கார்ந்து நகப்பூச்சை அழித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பஞ்சு, ஒரு சின்னக் குப்பி, அவ்வளவுதான். அந்த நெடி வாசல் வரைக்கும் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றப் போனவன் கழற்றாமலே தெருவுக்குத் திரும்பிவிட்டேன். "எங்க மாமா போறீக, காப்பி போட்டாச்சு" என்று அவள் கூப்பிட்டாள். கடைச் சாவியை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு முக்கு வரைக்கும் நடந்து, அங்கே சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன். சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும். அது உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

உன் மொட்டை மாடியில் மாதக்கணக்கில் அடித்த நெடி அது.

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. முப்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் 'சரக்கு வந்து சேர்ந்தது, இரண்டு மூட்டையில் ஈரம் பட்டிருக்கிறது' என்கிற மாதிரிக் காகிதங்கள்தான். ஆனாலும் மத்தியானம் கடையில் ஆள் வராத நேரத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல நாள் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நிறைய நாள் கிடைத்தது.

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிய மறுநாளே கடைக்கு வந்தாய். போகிறவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். நீ பையிலிருந்து எட்டு வெள்ளைத் தட்டுகளை எடுத்துக் கல்லாவின் மேல் அடுக்கினாய். சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது, விளிம்பு மட்டும் தடிப்பு, தொட்டால் வழவழவென்று இருந்தது.

"என்னடா, அங்குட்டுப் போயி பந்தி பரிமாறுனியா?" என்றேன்.

டிஸ்க் கோல்ஃப் என்றாய். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. ஒரு கம்பத்தில் இரும்புக் கூடை, அதற்கு மேலே வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும். தூரத்திலிருந்து எறிகிற தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். மரங்களுக்கு நடுவே, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து நடந்து பதினெட்டுக் கூடையை முடிக்க வேண்டும். மருமகன் உன்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனது நடைக்காகத்தான். மூன்றாம் நாள் நீ அவனுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றிருக்கிறாய்.

"சங்கிலி புடிச்சே ரிட்டயர் ஆனேன் மாப்ள. அங்க போனாலும் சங்கிலிதான் கெடக்கு" என்று சொல்லிச் சிரித்தாய்.

சர்வேயர் வேலையில் உன் கண்ணுக்கு இருந்த பெயர் எனக்குத் தெரியும். ஒக்கூரில் ஒரு பெரிய வீட்டைப் பங்கு பிரிக்க அளக்கப் போனாய், நானும் கூட வந்திருந்தேன். ஒன்பது பங்குதாரர்கள் ஒன்பது மூலையில் நின்றார்கள். சங்கிலியை விரிப்பதற்கு முன்பே கிழக்குச் சுவரைப் பார்த்து, அது ஒரு சாண் உள்ளே வந்திருக்கிறது என்றாய். ஒரு பெரியவர் எகிறினார். அளந்தார்கள். ஒரு சாணும் நாலு விரற்கடையும் இருந்தது. அந்த நாலு விரற்கடை தப்பியதற்காக நீ ஊர் வந்து சேரும் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். உனக்கு மற்றது எது குறைந்தாலும் பொறுத்துக்கொள்வாய், கண்ணில் குறை என்றால் தாங்க மாட்டாய்.

கண்டனூர்ப் பக்கம் உன் மாமனார் விட்டுப்போன புஞ்சையில் கருவேலை வெட்டி ஒதுக்கி, ஆறு கூடை நட்டாய். கூடைக்கு இரும்பு வாளி, சங்கிலிக்குப் பழைய சைக்கிள் செயின். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் இது எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டார். என்னையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுத்துப் போனாய். என் தட்டு நேராகப் போனதே இல்லை. உன் தட்டு காற்றில் சாய்ந்து, வளைந்து, கருவேலைச் சுற்றிக்கொண்டு போய் விழும். வயசு அறுபதைத் தாண்டிய ஆள் எறிகிறான் என்று சொல்லவே முடியாது.

ஒரு தொல்லைதான் இருந்தது. வெள்ளைத் தட்டு வெயில் வானத்தில் தெரியாது. கீழே விழுந்து இரண்டு தடவை உருண்டால் செம்மண் அப்பிக்கொண்டு கல்லோடு கல்லாகக் கிடக்கும். எறிந்த நேரத்தை விடத் தேடிய நேரம் அதிகம். அங்கே ஒவ்வொருவரும் தன் தட்டுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றிக்கொள்கிறார்கள் என்று சொன்னாய்.

"சாயக்கடைக்காரனக் கூட்டாளியா வச்சுக்கிட்டு நான் வெள்ளத் தட்டத் தேடிக்கிட்டுத் திரியறேன் பாரு" என்றாய்.

செம்மண்ணில் சிவப்பும் மஞ்சளும் தெரியாது, நீலம்தான் தெரியும் என்று நான்தான் சொன்னேன். நீலத்திலும் மயில்கழுத்து. அந்த ஒரு யோசனை மட்டும் சரி.

இந்த இடத்தில், நீ அப்போது எனக்குச் சொல்லாத ஒன்றை எழுதிவிடுகிறேன். உனக்குச் சர்க்கரை இருந்தது. மதுரையில் கண் காட்டியபோது டாக்டர் உன்னிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் நிறங்கள், முக்கியமாக நீலம், மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் உடனே வந்துவிட வேண்டும். உன் அப்பாவுக்குக் கடைசிப் பத்து வருடம் கண் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன்னால் நீ அவரைக் கையைப் பிடித்து ஊருணிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவாய். நான் உன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்பேன். அதனால் டாக்டர் சொன்னது உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ சாயத்தட்டை என் கண் முன்னால் நீட்டிய ஒவ்வொரு தடவையும் கேட்டது அந்தக் கேள்விதான். நான்தான் அதைச் சரக்கைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் கொடுத்தது பருத்தி நூலுக்குப் போடும் நீலம். குழாயடியில் காட்டினதும் ஓடிப்போய்விட்டது. தட்டு பால் மாதிரி வெள்ளையாக நின்றது. பிளாஸ்டிக் தட்டு பருத்திச் சாயத்தைக் குடிக்காது, பாலியஸ்டர் நூலுக்கும் பொத்தானுக்கும் போடுகிற தூள்தான் பிடிக்கும் என்று அப்புறம் விளங்கியது. அது என் கடையில் இரண்டு டின்னில் இருந்தது. அலமாரியின் மேல் தட்டில் இருப்பது முழு வலு. பெரிய ஆட்கள் சோதித்துப் பார்த்து வாங்குவார்கள், அதில் கை வைக்க மாட்டேன். கீழ்த்தட்டில் இருப்பது சில்லறைக்கு. வெள்ளைத் தூள் கலந்து வலுவைக் குறைத்தது. பழைய சேலைக்கு மறுசாயம் போடுகிறவர்களுக்கு அது போதும், விலையும் குறைவு.

உன்னிடம் நான் காசு வாங்கப் போவதில்லை. அதனாலேயே என் கை கீழ்த்தட்டுக்குப் போனது. உன்னை ஏமாற்ற நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். நினைக்கவே இல்லை. சும்மா கொடுப்பது என்றால் கீழ் டின், அது கைக்குப் பழகிப்போன வழி. சைக்கிளில் சாயப் பொட்டலம் கட்டிக்கொண்டு தறிக்காரர் வீடு வீடாகப் போன காலத்திலிருந்து அப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறேன்.

நீ செய்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, அதற்கு மேல் விரல் படாமல் விளிம்பில் பிடிப்பாய். விரல் ரேகை பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்று எனக்கே பாடம் எடுத்தாய். தாம்பாளத்தில் வெள்ளைப் பசையைத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றுவாய். தூளை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் பசை மேல் விட்டு, ஈர்க்குச்சியால் இழுத்துக் கோலம் போடுவாய். அதன்மேல் தட்டைக் குப்புறக் கவிழ்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி, மேலே ஒரு குழவிக்கல். அப்புறம் காத்திருக்க வேண்டும். சூடு கொடுத்தால் சாயம் ஆழமாக இறங்கும். அங்கே விளக்கு வைத்துச் சூடு காட்டுகிறார்களாம். நமக்கு மொட்டை மாடி இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னாய். எல்லாவற்றையும் சர்வேயர்கள் வைத்திருக்கும் நீள நோட்டில் எழுதினாய். உன் வீட்டுக்காரி, என் வாய்க்குத் தங்கச்சி, அவள்தான் பாவம். சீர்வரிசைத் தாம்பாளம் போச்சு, குழவி போச்சு என்று படிக்கட்டில் நின்று புலம்பினாள்.

மாசியில் முதல் தட்டைத் தூக்கினாய். ஒரு பகல், ஒரு இரவு ஊறியது. பசையைக் கழுவித் துண்டால் ஒற்றி, வெயிலுக்கு நேரே பிடித்தாய். நான் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டேன். பல தடவை துவைத்த பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஒரு நீலம். கீழ் டின் தூள் அதற்கு மேல் தராது.

 அப்புறம் தட்டை என்னிடம் நீட்டினாய்.

"உனக்கு எப்படித் தெரியுது மாப்ள? உள்ளதச் சொல்லு."

"மயில்கழுத்துடா" என்றேன். "அச்சு அசல்."

நம் கடைச் சரக்கை நம் வாயால் குறை சொல்லக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பசியில் நானே கற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் முகம் சுளித்தால், வெளிச்சம் சரியில்லை என்போம். காயட்டும் பாருங்கள் என்போம். வாய் தன் பாட்டுக்குச் சொல்லும். அன்றைக்கும் அது தன் பாட்டுக்குச் சொன்னது. நீ "அப்டியா" என்று மட்டும் சொன்னாய். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். உனக்குத் திருப்தி என்று நினைத்துக்கொண்டு நான் காப்பியைக் குடித்தேன்.

சித்திரையில் இரண்டாவது. இரண்டு நாள் ஊற வைத்தாய், நேர் வெயிலில். நிறமும் ஏறவில்லை, தட்டும் வடகம் மாதிரி வளைந்துவிட்டது. வளைந்ததற்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இதை எறிந்தால் போகாது, எறிந்தவனிடமே திரும்பி வரும் என்றேன். சிரிப்பு அடங்கியதும் திரும்பவும் கேட்டாய், நீலம் எப்படி என்று. போன தடவையை விட அடர்த்தி என்றேன்.

வைகாசியில் மூன்றாவது. நிழலில் மூன்று நாள், தூளும் இரண்டு மடங்கு. இந்தத் தடவை நிறம் கனத்தது, ஆனால் சாம்பல் பூசினது போல மங்கல். அதை நீ என்னிடம் நீட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, நாம் இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டாய்.

"பளிச்சுன்னு இருக்கா?"

"கண்ணப் பறிக்குது" என்றேன்.

மூன்று தடவை மாப்ளே. ஒரு தடவை என்றால் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் தடவை சொன்னதைக் காப்பாற்ற இரண்டாவது, இரண்டையும் காப்பாற்ற மூன்றாவது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. வெயில் என்றாய், முழங்கால் என்றாய். ஸ்கூட்டரை விற்றாய். பேங்குக்குப் போக வேண்டும், கொண்டுபோய் விடு என்று என்னிடம் கேட்டபோது உன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சா என்று இருந்தது. தெருவைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்தாய். புஞ்சையில் கூடையெல்லாம் துருப்பிடித்தது.

தீபாவளிக்கு மகள் டிக்கெட் எடுக்கிறேன் என்றாள், நீ வேண்டாம் என்றுவிட்டாய் எனக் கேள்விப்பட்டேன். கடைக்கு வந்தபோது ஏன் என்று கேட்டேன். மேஜையில் கிடந்த சாய அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

"கண்ணு போய்க்கிட்டு இருக்கு மாப்ள. எங்கப்பாவுக்கு வந்த மாதிரிதான். அங்க போயி அதுக கையப் புடிச்சுக்கிட்டு நடக்கவா?"

மதுரைக்குப் போய்க் காட்டு என்றேன். போனால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், அதைக் காதால் வேறு கேட்க வேண்டுமா என்றாய். அப்போதுதான் டாக்டர் நீலத்தைப் பற்றிச் சொன்னதையும் சொன்னாய்.

"ஒனக்கு மயில்கழுத்தாத் தெரியறது எனக்கு வெளுப்பாத் தெரியுது. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?"

நான் மக்கு இல்லை. அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. உன் தலைக்கு நேர் பின்னால்தான் அந்த இரண்டு டின்களும் இருந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. 'தூள் மட்டம்டா, உன் கண் நல்லாத்தான் இருக்கு' என்று ஒரு வரி. சொல்லியிருந்தால் நீ என்னை வைதிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய், அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய். தீபாவளிக்கு விமானம் ஏறியிருப்பாய்.

நான் டீ சொன்னேன். எதிர்க் கடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, இரண்டு டீ, ஒன்றுக்குச் சீனி வேண்டாம் என்றேன். டீ வந்தது. பேச்சு மாறியது. எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ பேசி ஆளான வாய் இது. அன்றைக்கு அந்த ஒரு வரிக்கு வரவில்லை.

அடுத்த மாசியில் ஒரு நாள் நீ தனியாக நடந்து வந்தாய். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. கடைக்கு ஏறாமல் எதிர்ச் சாரியில் நின்று, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு என் கடை போர்டையே பார்த்தாய். அப்புறம் சாலையைக் கடந்து வந்து உட்கார்ந்தாய், யார் முழங்கையையும் பிடிக்காமல்.

"போர்டு வெளுத்திருச்சுடா மாப்ள. மாத்து. எனக்கே தெரியுது" என்றாய்.

போன வருடம்தான் எழுதினது, நல்லாத்தானே இருக்கிறது என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். சிரித்த மாதிரியும் இருந்தது. டீ குடித்துவிட்டுப் போனாய். அன்றைக்கு நான் வெளியே போய் அண்ணாந்து பார்த்திருந்தால், அது நிஜமாகவே வெளுத்திருந்தது தெரிந்திருக்கும். உன்னைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மறுநாள்தான் பார்த்தேன்.

பங்குனியில் போனாய். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். மகள் வந்து சேரும் வரை ஐஸ் பெட்டியில் கிடந்தாய். காரியம் முடிந்து, அவள் திரும்பிப் போன பிறகு, தங்கச்சி என்னை வரச் சொன்னாள். கூடத்தில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே எட்டுத் தட்டும், மேலே அந்த நீள நோட்டும்.

"இதுல என்னமோ எழுதி வச்சிருக்காகண்ணே. எனக்குக் கண்ணுல புரை, எழுத்து மேல எழுத்து ஏறித் தெரியுது. படிச்சுச் சொல்லுங்க, அப்பறம் நீங்களே எடுத்துக்கங்க" என்றாள்.

கோடு போட்டுக் கட்டம் பிரித்திருந்தாய். தூள், நேரம், சூடு. அடுத்து இரண்டு கட்டம்: 'என் கண்ணுக்கு', 'அவன் கண்ணுக்கு'. சத்தமாகப் படித்தேன். முதல் தட்டு, என் கண்ணுக்கு வெளுப்பு, அவன் கண்ணுக்கு மயில்கழுத்து. இரண்டாவது, என் கண்ணுக்கு வெளுப்பு, அவன் கண்ணுக்கு முன்னதை விட அடர்த்தி. மூன்றாவது, என் கண்ணுக்கு மங்கல், அவன் கண்ணுக்குப் பளிச். உன் எழுத்து சர்வேயர் எழுத்து, குண்டு குண்டாக, எங்கும் ஒரு அடித்தல் இல்லை.

நாலாவது வரி தையில் எழுதியது. மகள் ஊருக்கு வந்த யாரிடமோ தூள் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பசை அதேதான், தாம்பாளம் அதேதான், இரண்டு நாள் நிழல். என் கண்ணுக்கு: மயில்கழுத்து. பக்கத்தில் சின்னதாக, 'இவளும் நீலம் கண்ணைக் குத்துகிறது என்றாள்'. அதற்கடியில், 'மதுரை போனேன். கண் சரி. புரை ஆரம்பம் மட்டும்.' அவன் கண்ணுக்கு என்கிற கட்டத்தில் ஒரே ஒரு சொல்: 'காட்டவில்லை.'

அதையும் சத்தமாகப் படித்துவிட்டு நோட்டை மூடினேன். தங்கச்சி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப மொதத் தட்டப் பாத்து நான் வெளுத்திருக்குன்னு சொன்னது சரிதானாண்ணே? என்னையத்தான் ஏசுனாக. உனக்கே புரை, நீ பேசாத, சாயத்துலயே பொரண்டவன் சொல்றான், அவனுக்குத் தெரியாதான்னாக."

"சரிதான் தங்கச்சி" என்றேன். "என் தூள்தான் மட்டம். அவன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவள் அழவில்லை, வையவும் இல்லை. "சித்திரையில ரெண்டு பேரும் போறதா டிக்கெட்டு எடுத்தாச்சுண்ணே" என்றாள். எழுந்து உள்ளே போனாள். காப்பி கொண்டுவரப் போயிருக்கிறாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடமாக அந்த வீட்டில் காப்பி குடிக்காமல் நான் எழுந்தது இல்லை. ரொம்ப நேரம் கழித்து, வரப் போவதில்லை என்று புரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெட்டியில் எறிந்து கீறல் விழாத வெள்ளைத் தட்டு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. உன் நோட்டில் உள்ளபடியே செய்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன், விளிம்பில் பிடித்தேன், பசை, சொட்டு, கல், நிழல். முதல் தட்டுக்கு நீ வைத்த அதே நேரம், ஒரு பகலும் ஒரு இரவும். தூள் மட்டும் மேல் தட்டு டின்னிலிருந்து. கழுவி எடுத்தபோது மயிலே வந்து உட்கார்ந்தது மாதிரி இருந்தது. உன் கை முதல் தடவையே சரியாகத்தான் செய்திருக்கிறது மாப்ளே. சூடு போதவில்லையோ, நேரம் போதவில்லையோ, கண் போதவில்லையோ என்று நீ அலைந்ததெல்லாம் வீண். என் அலமாரியில் கீழ் டின்னுக்கு ஒரு முழம் மேலே இருந்தது உன் நீலம்.

அந்தக் கீழ் டின்னைக் கொட்டிவிட்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். கொட்டவில்லை, விற்றேன். ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் இது வலுக் குறைந்தது, பளிச்சென்று வராது என்று சொல்லித்தான் விற்றேன். பாதிப்பேர் பரவாயில்லை என்று வாங்கிப்போனார்கள். சொல்லிவிட்டும் விற்க முடிகிறது. இது தெரிய எனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது. தங்கச்சி வீட்டுப் பக்கம் இரண்டு தடவை போனேன். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இன்னொரு தடவை போவேன்.

ஒக்கூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, அந்த நாலு விரற்கடைக் கோபத்திலும் நீ எனக்கு ஒன்று சொன்னாய். அளவுப் புத்தகத்தில் தப்பு வந்துவிட்டால் அதை அழிக்கக் கூடாது, மேலேயே திருத்தியும் எழுதக் கூடாது. பழையது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்தியவன் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அப்போதுதான் யார் தப்புச் செய்தது, எப்போது ஒப்புக்கொண்டது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும் என்றாய்.

இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னால் நோட்டை எடுத்தேன். அவன் கண்ணுக்கு மயில்கழுத்து என்பதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 'வெளுப்பு'. இரண்டாவதிலும் ஒரு கோடு, 'வெளுப்பு'. மூன்றாவதில் 'மங்கல்'. மூன்றுக்கும் என் கையெழுத்து, இன்றைய தேதி. என் கண்ணும் உன் கண்ணும் இப்போது ஒன்றையே சொல்கின்றன.

நாலாவது வரியில் திருத்த ஒன்றும் இல்லை.